எனக்குப் பின்னாடியே வந்த ஆள்

கர்த்தர் என்னைக் கைவிட்டுட்டாருன்னே நான் நினைச்ச காலம் ஒண்ணு இருந்துச்சு. அதைத்தான் இன்னிக்கு உங்க முன்னாடி சாட்சியா சொல்ல வந்திருக்கேன்.

என் பேரு எஸ்தர் சுகுணா. ஊர் ஆம்பூர். எண்பத்தஞ்சு, எண்பத்தாறு வாக்குல சென்னையில டி.வி.யில செய்தி வாசிச்சிட்டிருந்தேன். மாசத்துல சில நாள் கூப்பிடுவாங்க. காலையில ரயில் ஏறுவேன். சாயந்தரம் வாசிச்சு முடிச்சு, பெரம்பூர்ல சித்தி வீட்ல தங்கிட்டு, மறுநாள் திரும்புவேன்.

எங்க வீட்டுக்காரர் ஜெயசீலன் ஷூ கம்பெனியில சூப்பர்வைசர். குரல் தேர்வுக்கு என்னைக் கூட்டிட்டுப் போனதே அவர்தான். எங்க ஊர்ல டி.வி. தெரிய ஆரம்பிச்சதும் எல்லாம் மாறிப்போச்சு. செய்தி முடிஞ்சு வணக்கம் சொல்லும்போது லேசா சிரிக்கணும்னு எங்களுக்குச் சொல்லியிருந்தாங்க. கம்பெனியில ஒருத்தன் அவர்கிட்ட, "இன்னா ஜெயசீலா, உன் சம்சாரம் அங்க யாரைப் பாத்து சிரிக்குது?"ன்னு கேட்டிருக்கான். அன்னிலேர்ந்து வீட்ல பேச்சு கம்மியாயிடுச்சு. நான் வந்ததும் என் பையைத் தொறந்து பாப்பார். "சித்தி வீட்லதான் தங்குனியா?"ன்னு திரும்பத் திரும்பக் கேப்பார். வேலையை விட்டுடுன்னு சொல்லிட்டே இருந்தார்.

அந்தச் சமயத்துலதான் இன்னொரு பயமும் சேந்துச்சு. காட்பாடியில ரயில் நின்னப்போ, பச்சைக் கட்டம் போட்ட துண்டால தலையையும் முகத்தையும் மூடின ஒரு ஆள், பிளாட்பாரத்துல தூரமா நின்னு என் ஜன்னலையே பாத்துட்டிருந்தான். சாயந்தரம் டி.வி. நிலையத்துக்கு எதிர்ல பஸ் ஸ்டாப்புல அதே துண்டு. அடுத்த தடவை சித்தி வீட்டுத் தெருமுனையில.

பாலாத்துல தோல் கழிவு கலக்கிறதைப் பத்தி கொஞ்ச நாள் முன்னாடிதான் ஒரு செய்தி வாசிச்சிருந்தேன். அதுக்காகத் தோல் கம்பெனிக்காரங்க யாராவது ஆள் வச்சிருக்காங்களா? நான் எந்த ரயில்ல போவேன்னு கேமராக்காரர் ஏன் கேட்டார்? சித்தி வீட்டு மாடியில புதுசா குடி வந்தவர் யாரு? டீ கொண்டு வந்து தர்றவங்களைப் பாத்தாக்கூட சந்தேகம். வீட்ல சொல்லவும் முடியல. சொன்னா அன்னியோட வேலை போச்சு.

அடுத்த தடவை போனப்போ, சித்தி வீட்டு சமையல்கட்டுல முட்டி போட்டு அழுதேன். "ஆண்டவரே, அந்த ஆள் யாருன்னு எனக்குக் காட்டும். என்னால இனிமே தாங்க முடியாது." அவ்ளோதான் ஜெபம்.

மறுநாள் காலையில ஊருக்குத் திரும்ப சென்ட்ரல் ஸ்டேஷன் வந்தேன். புத்தகக் கடை ஓரமா அதே துண்டு. எங்கேர்ந்துதான் அந்தத் தைரியம் வந்துச்சோ, அங்க நின்ன போலீஸ்காரர்கிட்டப் போய்க் கையைக் காட்டினேன். அவர் போய்த் துண்டைப் பிடிச்சு இழுத்தார்.

எங்க வீட்டுக்காரர்.

"யார்யா நீ? அந்தம்மா பின்னாடி எதுக்கு வர்றே?"

போலீஸ்காரர் என்னைப் பாத்தார். "உங்களுக்குத் தெரிஞ்ச ஆளாம்மா?"

தெரியாதுன்னு சொல்லிடலாமான்னு தோணுச்சு. அவ்ளோ கோபம். உள்ளுக்குள்ள எதுவோ தடுத்துச்சு.

"என் வீட்டுக்காரர் சார்."

ரயில்ல எதிரெதிரா உக்காந்தோம். அரக்கோணம் தாண்டுச்சு. அப்புறம் நானே கேட்டேன்.

"எதைப் பாக்க வந்தீங்க?"

"நீ யாரோட போறேன்னு. கம்பெனிக்குப் போறேன்னு சொல்லிட்டு, உன் ரயில்லயே வேற பெட்டியில ஏறி வந்துட்டிருந்தேன்."

"யாரைப் பாத்தீங்க?"

"யாருமில்ல சுகுணா. ஒவ்வொரு தடவையும் நீ தனியாத்தான் போனே. பயந்து பயந்து, திரும்பித் திரும்பிப் பாத்துட்டுப் போனே. அந்தப் பயமே என்னாலதான்னு இப்பத்தான் தெரியுது." அத்தனை பேர் முன்னாடி தேம்பி அழுதார்.

சந்தேகம் ஒரே நாள்ல போயிடல. எனக்கும் அவர்மேல நம்பிக்கை வர நாளாச்சு. ஆனா கல்யாணமானதுலேர்ந்து சபைப் பக்கமே வராத மனுஷன், அந்த ஞாயித்துக்கிழமை என்கூட வந்து கடைசி பெஞ்சுல உக்காந்தார். அடுத்த தடவை லீவு போட்டுட்டு, பக்கத்து சீட்லயே சென்னைக்கு வந்தார். அதுக்கப்புறமும் நான் பல வருஷம் செய்தி வாசிச்சேன்.

உங்க மனசுல யார் மேலயாவது சந்தேகம் இருந்தா, அதை வளக்காதீங்க. கர்த்தர்கிட்ட கொண்டு போங்க. நீங்க நினைச்ச பதில் வராம இருக்கலாம். எனக்கும் நான் நினைச்ச பதில் வரல. ஆனா வந்த பதிலோடதான் இன்னிக்கு வரைக்கும் சந்தோஷமா குடும்பம் நடத்துறேன். அதுக்காக அவருக்கே ஸ்தோத்திரம்.