அத்தை கட்டிய இரண்டு சேலை

கொழும்புக்குக் கிளம்பிய அன்று அத்தை ஒரு சேலைக்கு மேல் இன்னொரு சேலை கட்டியதை மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டில் நான் மட்டும்தான் பார்த்தேன். அடியில் நீலம், மேலே வாடாமல்லி.

"ரயில்ல குளுரும் பாப்பா. அப்பாகிட்ட சொல்லிடாத" என்றாள். எனக்கு ஒன்பது வயது.

தாத்தா இந்தியாவுக்கே திரும்பிப் போவதாகப் பதிந்திருந்தார். கல்யாணமாகாத மகள் என்பதால் அத்தையின் பெயரும் அவரோடு சேர்ந்து போயிருந்தது. அப்பா இலங்கையிலேயே இருக்கப் பதிந்தவர். அடுத்த வாரம் தலைமன்னாரில் கப்பல். போகமாட்டேன் என்று சாப்பிடாமல் கிடந்த அத்தை ஒரு நாள் திடீரென்று சரி என்றாள். அதற்கு முன் கொழும்பை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்பது மட்டுமே அவள் கேட்டது.

அப்பா ஒத்துக்கொண்டார். ஆனால் யாரும் பை எடுக்கக் கூடாது. அப்பா, அத்தை, நான் மூன்று பேரும் பதுளையிலிருந்து இரவு ரயிலில் போய், பகலெல்லாம் ஊர் பார்த்து, மறுபடி இரவு ரயிலில் திரும்புவது.

"கைய வீசிட்டுப் போனாத்தான் ஊரப் பாக்கலாம். மூட்டைய வச்சிருந்தா மூட்டையத்தான் பாத்துக்கிட்டு இருக்கணும்."

மாற்றுத் துணி இல்லாத பெண் எங்கேயும் தங்கிவிட மாட்டாள் என்று அவர் அம்மாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னதும் என் காதில் விழுந்தது. இரண்டாவது சேலையைப் பற்றி நான் வாய் திறந்தால் பயணம் நின்றுவிடும். திறக்காவிட்டால் அத்தை திரும்பி வராமல் போகலாம். நான் வாய் திறக்கவில்லை.

கொழும்பில் எங்களைச் சுற்றிப் பேசிய சிங்களம் எங்களுக்குப் புரியவில்லை. பஸ்ஸில் தமிழில் சத்தமாகப் பேச வேண்டாம் என்றார் அப்பா. காலை வெயிலிலேயே அத்தையின் கழுத்தில் வேர்வை வழிந்தது.

"ஏன் புள்ள இப்புடி வேர்க்குது?"

"புது ஊருல்லண்ணே."

"ஊரு புதுசுன்னு ஒடம்புக்கு எப்புடித் தெரியும்?"

அப்பா சிரித்தார். நான் வாடாமல்லி முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டேன். கடைத்தெருவிலும் கோயிலிலும் விடவில்லை.

மாலையில் காலிமுகத்திடல். கடலைக் கண்டதும் அப்பா வேறு ஆளாகிவிட்டார். சாரத்தை மடித்துக் கட்டினார், இறால் வடை வாங்கினார். "மெதுவா தின்னுங்க. இனி எப்ப பாக்கப் போறோம்" என்று சொல்லிவிட்டு அலைப் பக்கம் நடந்தார். திடலில் எல்லோரும் கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்க, அத்தை மட்டும் அதற்கு முதுகு காட்டிச் சாலையைப் பார்த்து உட்கார்ந்தாள். பஸ் நிற்கும்போதெல்லாம் அவள் கழுத்து நிமிர்ந்தது. வடை கையிலேயே ஆறியது.

"நீயும் அப்பாகூட போயி கால நனைச்சிட்டு வா."

"நீயும் வா அத்தை."

"அட்டை மாதிரி ஒட்டிக்கிட்டே இருக்கா" என்றாள். குரலில் கோபமில்லை, அவசரம் இருந்தது. நான் முந்தானையை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றினேன்.

பொழுது சாய்ந்தது. இன்னும் ஒரு பஸ் பார்த்துவிட்டுப் போகலாமா என்று கேட்டாள். பஸ் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று அப்பா கேலி செய்தார். அந்த பஸ்ஸும் வந்தது. அதிலிருந்து இறங்கியவர்கள் ஒவ்வொருவராக எங்களைத் தாண்டிப் போனார்கள். அத்தை எழுந்து சேலையில் ஒட்டிய புல்லைத் தட்டினாள்.

ரயில் மலை ஏறத் தொடங்கியதும் எனக்குப் பல் கிட்டியது. அத்தை எழுந்து போய், நீலச் சேலையில் திரும்பி வந்தாள். வாடாமல்லியை என் மேல் போர்த்தினாள். அப்பா அந்த நீலத்தைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சொன்னபடியே குளிருக்குத்தான் கட்டியிருக்கிறாள்; இவளைப் போய்ச் சந்தேகப்பட்டேனே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. சேலை இன்னும் வேர்வையில் ஈரமாக இருந்தது. அந்தச் சாலையில் யார் வரவில்லை என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அத்தை திரும்பி வருகிறாள் என்ற சந்தோஷத்தில் தூங்கிப்போனேன்.