அரிசியில் இறங்கிய ஆட்டுக்கல்

எண்பதுகளின் நடுப்பகுதி. பிரெஞ்சுத் தலைநகரின் லாச்சப்பலில், ரூ பெர்தொனே என்ற தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடை. என் கணவர் அங்கே சமையல், நான் பாத்திரம் கழுவுகிறவள். முதலாளிக்கு ஒரு கிறுக்கு. தோசை மாவு கருங்கல்லில்தான் அரைபட வேண்டுமாம். கப்பலில் ஒரு பெரிய ஆட்டுக்கல்லை வரவழைத்துவிட்டார். அதை நிலவறைக்குள் இறக்க வேண்டும்.

நிலவறைப் படி ஏணி போலச் செங்குத்து. கீழே தாங்குவதற்கு என் கணவர் நின்றார். மேலே கயிறு பிடித்தது முதலாளியும் நானும். பாதிப் படியில் கயிற்றின் ஒரு புரி அறுந்தது. கல் சரிந்து, படியை அடைத்துக்கொண்டு சுவரோரம் சிக்கி நின்றது. மிச்சக் கயிற்றைத் தூணில் சுற்றிக் கட்டினோம். கீழே அரிசி மூட்டைகள் போக ஒரு ஆள் நிற்கத்தான் இடம். வெளியே வர வேறு வழியும் இல்லை.

"தீயணைப்புக்காரரைக் கூப்பிடுவம்" என்றேன்.

"அவங்கள் வந்தால் பொலிசும் வரும். உன்ரை மனிசனுக்குப் பேப்பர் இல்லை, தங்கச்சி" என்றார் முதலாளி.

பிரெஞ்சு பழகவென்று நான் அப்போது சிறுபிள்ளைகளின் படப் புத்தகங்களை வாசித்துக்கொண்டிருந்தேன். அதில் ஒன்று பழைய எகிப்தைப் பற்றியது. கப்பிகூட இல்லாத அந்த மனிதர்கள் பெருங்கல்லை மணல்மேல் நிறுத்தி, அடியிலிருந்து மணலை மெல்ல ஒழுக விடுவார்களாம். கல் தானாக இறங்கிவிடும். என்னிடம் மணல் இல்லை, அரிசி இருந்தது.

"இஞ்சாருங்கோ, மூட்டையளைக் கல்லுக்குக் கீழை அடுக்குங்கோ! கத்தி போடுறன், பிறகு அடி மூட்டையைக் கீறிவிடுங்கோ!"

"உமக்கென்ன விசரே?"

"எகிப்துக்காரர் செய்தவங்கள்!"

"அப்ப அவங்களைக் கூட்டிக்கொண்டு வாரும்!"

திட்டிக்கொண்டே அடுக்கினார். குனியும்போதெல்லாம் அவர் தலை கல்லுக்கு நேர் கீழே இருந்தது. கயிறு முறுகும் சத்தம் கேட்டது. நான் சொன்னது பிழையாகிப்போனால் நான்தான் அவரைக் கொன்றவள்.

மூட்டைகள் கல்லைத் தொட்டன. ஒதுங்கி நின்று கீறினார். அரிசி சரசரவென்று ஒழுகியது. நாங்கள் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினோம். கல் அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. கடைசியில் படியடியில் அரிசிக்குள் குந்திக்கொண்டது. அவர் அதன்மேல் ஏறி வெளியே வந்தார். அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன்.

"உம்மடை எகிப்துக்காரர் கெட்டிக்காரர்தான்" என்று சிரித்தார். "ராசாவுக்கு அரண்மனை கட்டவே அப்பிடி இறக்கினவங்கள்?"

"ஓம்" என்றேன்.

அந்தப் படத்தில் மணல்மேல் இறங்கிக்கொண்டிருந்தது ஒரு கல் சவப்பெட்டியின் மூடி. அவர் கீழே நின்ற நேரம் முழுவதும் என் கண்ணுக்குள் நின்றது அந்தப் பெட்டிதான்.