இரண்டு அரைக்கு ஒரு முழு

போன வெள்ளிக்கிழமை காலை. சேந்தமங்கலத்தில் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சலூன். தலையைச் சாய்த்து உட்கார்ந்திருக்கிறேன். முகத்தில் ஒரு பாதி முடிந்துவிட்டது, மறு பாதியில் சோப்பு நுரை. கத்தி சரியாகத் தொண்டைக்கு வந்தபோது சவரக்காரர் கையை நிறுத்தினார்.

"ஏனுங்க... மலை மேல ரெண்டு ஆளைக் குடுத்துப்போட்டு ஒரு ஆளை வாங்கின புத்திசாலி நீங்கதானுங்களா?"

கழுத்தில் கத்தி இருக்கும்போது யாரால் பொய் சொல்ல முடியும்? தலையைக்கூட ஆட்ட முடியாது. "ம்" என்றேன்.

"அதான பார்த்தேன்" என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். அதற்கப்புறம் அந்தக் கத்தி கொஞ்சம் அலட்சியமாகவே ஓடியதாக எனக்குப் பட்டது.

இந்தப் பத்திரிகையில் நான் எழுதுகிற பத்தியை விடாமல் படிக்கிறவர்களுக்கு நான் கொல்லிமலையில் ஒரு காப்பித் தோட்டத்து ரைட்டர் என்பது தெரியும். தினமும் எத்தனை ஆள் வேலைக்கு வந்தார்கள் என்று எழுதுவது என் உத்தியோகம். ஃபுட்பால் டீமுக்குக் கேப்டன் என்பது தெரியாது. சொல்லிக்கொள்கிற மாதிரி இதுவரை ஒன்றும் நடக்கவில்லை. இப்போது நடந்துவிட்டது!

யுத்தம் வந்ததும் தோட்டத்துத் துரை பட்டாளத்துக்குப் போனார். போகும்போது ஒரு தோல் பந்தை விட்டுவிட்டுப் போனார். பந்து இருக்கிறது, இடம் வேண்டாமா? கொல்லிமலையில் சமதரை தேடிப் பார்த்திருக்கிறீர்களா? மேலே உதைத்தால் பந்து நம் காலுக்கே திரும்பி வரும். கீழே உதைத்தால் அடிவாரத்துப் பேளுக்குறிச்சி சந்தையில் போய்த்தான் பொறுக்க வேண்டும்.

சடையக் கவுண்டர் என்ற மலை விவசாயியிடம் மட்டும் தட்டையாக ஒரு காடு இருந்தது. காடு என்றால் மரமும் புலியும் இல்லை. மழையை நம்பி விதைக்கிற நிலத்துக்கு இந்தப் பக்கத்தில் அதுதான் பெயர். சாமை விளைகிற மண். "ஆடிக்கங்க சாமி" என்று இரண்டு வருஷமாக விதைக்காமல் விட்டு வைத்திருந்தார். ஏன் விட்டார்? அவருடைய இரண்டு மகன்களும் எங்கள் டீமில் இருந்தார்கள். மூத்தவன் வேலன், இளையவன் நல்லான். இரண்டு பேரும் ஹாஃப் பேக்.

ஃபுட்பால் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கடைசியில் கோலைக் காக்கிற கோலி. அவருக்கு முன்னால் இரண்டு ஃபுல் பேக். அதற்கு முன்னால் மூன்று ஹாஃப் பேக். அப்புறம்தான் கோல் போடுகிற ஐந்து பேர். அந்த ஐந்தில் நடுவில் நிற்பது அடியேன்.

போன தை மாதம் எங்கள் ஃபுல் பேக் ஒருவர் வேலை மாறிக் கீழே போய்விட்டார். சேந்தமங்கலம் டீமில் மாரிமுத்து என்று ஒரு ஃபுல் பேக். கடலை மில்லில் மூட்டை தூக்குகிறவர். ஆளைப் பார்த்தாலே பந்து தயங்கும். அவர் மேல் எனக்கு ஒரே மோகம்.

பேளுக்குறிச்சி சந்தை நாளில் சேந்தமங்கலம் கேப்டனைப் பிடித்தேன். அவர் பள்ளிக்கூட வாத்தியார். மெதுவாகப் பேசுவார், சுருக்கென்று பேசுவார். "மாரிமுத்தைத் தர்றேனுங்க. வேலனையும் நல்லானையும் குடுங்க. மில்லுல வேலை வாங்கித் தர்றது என் பொறுப்பு" என்றார்.

ஒருவருக்கு இரண்டு பேரா? யோசித்திருக்க வேண்டும். சுற்றிலும் கூட்டம். மிளகு மூட்டையோடு வேலனும் நல்லானும் பக்கத்திலேயே நிற்கிறார்கள். எனக்கோ நாலு பேர் கேட்கும்போது சும்மா இருக்க வராது. சொல்லிவிட்டேன்.

"அதுக்கென்னங்க வாத்தியாரே! ரெண்டு பேரும் ஹாஃபு. அதாவது அரை. மாரிமுத்து ஃபுல்லு. ரெண்டு அரை சேர்ந்தா ஒரு முழு. கணக்கு நேராப் போச்சு!"

சந்தையே சிரித்தது. நானும் சிரித்தேன். நல்லான் மட்டும் மெதுவாகக் கேட்டான்.

"அரைன்னா... எங்களைங்களா சொல்றீங்க?"

"அட, விளையாட்டுப் பேச்சுப்பா."

வேலன் மூட்டையை இறக்கி வைத்தான். தம்பியைக் கூட்டிக்கொண்டு வாத்தியார் பின்னாலேயே போய்விட்டான். இரண்டு வருஷம் என்னோடு ஆடியவன், என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்போதும் எனக்கு உறைக்கவில்லையே!

மாரிமுத்தோடு மலை ஏறினேன். சடையக் கவுண்டர் வீட்டு வாசலில் நின்றிருந்தார். நாங்கள் வருவதற்குள் என் வாய் எங்களுக்கு முன்னால் மலை ஏறியிருந்தது.

"ஏனுங்க ரைட்டரே, இங்கிலீசுல அரை ஆளுன்னு ஒண்ணு இருக்குதுங்களா?"

"அப்படி இல்லீங்க கவுண்டரே. அது நிற்கிற இடத்தோட பேரு..."

"எம் பசங்க ரெண்டு பேருஞ் சேர்ந்தாத்தான் ஒரு ஆளுன்னு சந்தையில சொன்னீங்களாமா. அவங்க ஆத்தா ரெண்டு தடவை பெத்தாளுங்க. அரை அரையாப் பெக்கலீங்க."

குரலை உயர்த்தவே இல்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பேன். அப்புறம் அவர் ஒரு பந்தயம் வைத்தார்.

"சேந்தமங்கலத்துக்காரங்களை இங்க வரச் சொல்லுங்க. எங்காட்டுலயே ஆடுங்க. நீங்க ஜெயிச்சா உங்க கணக்கு சரி, காடு உங்களுக்கு. தோத்தா உங்க கணக்கு தப்பு. அன்னிக்கே ஏர் பூட்டிருவேன். அப்புறம் பந்தைத் தூக்கிட்டு இங்க வராதீங்க."

"டிரா ஆனா?" என்று கேட்க நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன். என் வாழ்க்கையில் வாயை அடக்கிய ஒரே சந்தர்ப்பம் அதுதான்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மேட்ச். விடியற்காலையில் புறப்பட்டு, செங்குத்தான பாதையில் நடந்தே ஏறி வந்தார்கள் சேந்தமங்கலத்துக்காரர்கள். வந்த வேகத்தில் பாதிப் பேர் மூச்சு வாங்கிக்கொண்டு மண்ணில் சாய்ந்தார்கள். வேலனும் நல்லானும் சாயவில்லை. அவர்களுக்கு அது வீட்டுக்கு வருகிற வழி.

காட்டின் ஓரத்தில் சடையக் கவுண்டர். பக்கத்தில் இரண்டு மாடு. மாட்டுக்குப் பக்கத்தில் ஏர். கலப்பை முனை வெயிலில் மின்னியது. ஊரே கூடியிருந்தது. இவருக்கு யார் ஜெயிக்க வேண்டும்? மகன்கள் ஜெயித்தால் அவர்கள் மானம் திரும்ப வரும், ஆனால் அவர்கள் இரண்டு வருஷம் ஆடிய இடம் போகும். அவர் முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

பத்தாவது நிமிஷம் நான் ஒரு கோல் போட்டேன். சத்தியமாக நான்தான்! காடு நம்முடையது என்று குதித்தேன். கவுண்டர் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

மாரிமுத்து? குறையே சொல்ல முடியாது. வந்த பந்தையெல்லாம் நெஞ்சைக் கொடுத்து நிறுத்தினார். ஆனால் பந்து வந்துகொண்டே இருந்தது. நிறுத்தினால் திரும்ப வந்தது, உதைத்தால் உடனே வந்தது. என்ன கோளாறு? அவருக்கு முன்னால் ஹாஃப் பேக் இடத்தில் நான் நிறுத்தியிருந்தது தோட்டத்துச் சமையற்காரரையும் தபால் சுமக்கிறவரையும். இரண்டு பேரும் நல்லவர்கள். பந்து வந்தால் மரியாதையாக வழிவிட்டார்கள்.

விசில். "ஹாஃப் டைம்! ஹாஃப் டைம்!" என்று யாரோ கத்தினார்கள். கவுண்டர் என்னைப் பார்த்தார்.

"நேரத்துலயும் அரை இருக்குதுங்களா?"

குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் எனக்குப் புரை ஏறியது.

மறு பாதியில் நல்லான் சமையற்காரரிடமிருந்து பந்தை எடுத்தான். எடுத்தான் என்ன, அவரே கொடுத்தார் என்றுதான் சொல்ல வேண்டும். அங்கிருந்து ஒரே உதை. கோல். ஒன்றுக்கு ஒன்று.

அப்புறம் பத்து நிமிஷம்... பதினைந்து நிமிஷம்... இரண்டு பக்கமும் மாறி மாறிப் போகிறது. நான் ஒன்றை வெளியே அடித்தேன். மாரிமுத்து ஒன்றைக் கோட்டின் மேல் நின்று தடுத்தார். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு நொண்டினார், ஆனாலும் வெளியே போக மாட்டேன் என்றார். விசில்காரர் கடிகாரத்தைப் பார்க்கிறார். இன்னும் கொஞ்சம்தான். டிரா ஆனால் கவுண்டரிடம் பேசிப் பார்க்கலாம் என்று மனசுக்குள் வார்த்தை தேடிக்கொண்டிருக்கிறேன்.

அப்போது வேலன் பந்தை எடுத்தான். தபால்காரரைத் தாண்டினான். என்னைத் தாண்டினான், நான் சட்டையைப் பிடித்து இழுத்தும் நிற்கவில்லை. எதிரே மாரிமுத்து ஒருவர்தான். நொண்டிக் கால்.

"அடிறா கண்ணு!"

கவுண்டர்தான். கத்திவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். வேலன் அடித்துவிட்டான்.

தோற்றோம். மாரிமுத்து மண்ணில் உட்கார்ந்து அழுதார். அவ்வளவு பெரிய ஆள் அழுது நான் பார்த்ததே இல்லை. "ரெண்டு ஆளுக்குச் சமம்னு கூட்டியாந்தீங்க. முன்னால ரெண்டு ஆள் இருந்தாத்தானுங்களே நான் ஒரு ஆளு" என்றார்.

கவுண்டர் மாட்டை ஓட்டி வந்தார், ஏர் பூட்டினார். வேலன் ஓடி வந்து "அப்பா, வேண்டாமுங்க" என்றான். அவர் காதில் வாங்கவில்லை. ஒரு கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் கலப்பைக் கொழு மண்ணில் இறங்கியது. இரண்டு வருஷம் நாங்கள் மிதித்து இறுக்கிய மண் கட்டி கட்டியாகப் புரண்டது. நின்று பார்க்க முடியவில்லை எனக்கு. போகவும் முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மறைப்பானேன்?

ஓட்டிக்கொண்டே வந்தவர், நட்டநடுவில் நான் சாம்பலால் போட்டிருந்த கோட்டுக்கு வந்ததும் மாட்டை நிறுத்தினார். அந்தப் பக்கம் முழுக்க உழவு. இந்தப் பக்கம் அப்படியே சமதரை. ஏரை அவிழ்த்தார்.

"இந்தாங்க ரைட்டரே. அரைக் காடு உங்களுக்கு. முழுசா ஆடுங்க பார்க்கலாம்."

எனக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. அந்தக் கூட்டத்துக்கு நடுவிலேயே வேலனிடமும் நல்லானிடமும் போய், "சந்தையில நான் சொன்னது தப்புப்பா. மன்னிச்சிருங்க" என்றேன். நல்லான் தரையைப் பார்த்தான். வேலன்தான் பேசினான்.

"பரவாலீங்க. நாங்க எப்பவும் ஹாஃப் பேக்குத்தானுங்க, அந்த எடத்தை மாத்திராதீங்க. தமிழ்ல மட்டும் சொல்லிராதீங்க."

கவுண்டரிடம் கேட்டேன். "பசங்களைத் திரும்பக் கூட்டியாந்தா?"

"கூட்டியாங்க. ரெண்டு பேரும் ஓடி மிதிச்சா மண்ணு தன்னால இறுகிப் போயிருமுங்க" என்றார். முதல்முறையாக அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ தெரிந்தது.

அதற்காகத்தான் வெள்ளிக்கிழமை சேந்தமங்கலம் வந்தது, வாத்தியாரைப் பார்க்க. மழமழவென்ற முகத்தோடு போனால் காரியம் நடக்கும் என்றுதான் முதலில் சலூன்.

மாரிமுத்துக்கு அதிகம் கொடுத்துவிட்டோமா? தோட்டத்தில் எல்லோரும் இதையேதான் கேட்கிறார்கள். நானும் நிறைய யோசித்தேன். வாங்குகிற பொருளை முன்னாலும் பின்னாலும் திருப்பித் திருப்பிப் பார்க்கிறோம். கையை விட்டுப் போகிறதை யார் பார்க்கிறார்கள்? அது நம்மிடம் இருந்ததுதானே, என்ன பெரிய விலை என்று ஓர் அலட்சியம். வீட்டில், ஆபீஸில், எங்கேயும் இதே கதைதான். உங்கள் வீட்டில் இல்லை என்றால் சந்தோஷம்.

வாத்தியார் பள்ளிக்கூட வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டார். அவசரமே இல்லை அவருக்கு.

"தர்றேனுங்க. ஆனா ரெண்டு பேருக்கு மாரிமுத்து ஒருத்தரை வாங்கிட்டு வந்தா, ஊர்ல என்னை உங்களை மாதிரி நினைச்சுக்குவாங்க."

"வேறு யாருங்க வேணும்?"

"மாரிமுத்துகூட நீங்களும் வாங்க. ஞாயித்துக்கிழமைகள்ல இறங்கி வந்து எங்களுக்கு ஆடுங்க. ஒரு வருஷம்."

மலையிலிருந்து ஒவ்வொரு வாரமும் நடந்து இறங்கி, ஆடிவிட்டு, நடந்தே ஏற வேண்டும். அதுவும் சில சமயம் எங்கள் டீமுக்கே எதிராக! ஆனால் சடையக் கவுண்டரின் உழுத காடு கண்முன்னால் வந்தது. "சரிங்க" என்றேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் இல்லாமல் இல்லை. ஒரு கேப்டனையே அல்லவா கேட்கிறார்!

"அப்போ உங்க கணக்குல மாரிமுத்து ஃபுல்லு. நான் என்னங்க? ஃபுல்லா, ஹாஃபா?" என்று கேட்டேன்.

வாத்தியார் என் மழமழ முகத்தை ஒரு நிமிஷம் நிதானமாகப் பார்த்தார்.

"நீங்களா? நீங்க கொசுறுங்க."