மந்தைவெளி ஐஸ் ஹாக்கி டீமுக்கு வந்த சோதனை

எங்க ஏரியா புட்பால் பசங்க ஜெயிச்சு மேல் டிவிஷனுக்குப் போயிட்டாங்க. சந்தோஷம்தான். ஆனா அடி விழுந்தது ஐஸ் ஹாக்கி டீமுக்கு.

சிரிக்காதீங்க. மந்தைவெளியில ஐஸ் ஹாக்கி டீம் கீது. ஐஸ்தான் இல்ல. கிரவுண்டு ஓரத்து சிமெண்டு தரையில, காலுல சக்கரம் மாட்டிக்கினு ஆடுவாங்க. கேப்டன் நம்ம சர்ச் ஸ்கூல் பி.டி. டீச்சர் ஸ்டெல்லா மிஸ். அடுத்த மாசம் லடாக்குல மேட்ச்.

இன்னிக்கு சாயங்காலம் டீ விக்க கேனை எடுத்துக்கினு போறேன், அந்தத் தரை பூரா புட்பால் பசங்க பைக்கு. பெரிய டிவிஷன் ஆயிட்டதால பார்க்கிங் வேணுமாம்.

"அப்ப நாங்க எங்க தாஸு ஆடுறது?"ன்னாங்க மிஸ்.

புட்பால் கேப்டன் தாஸு சொல்றான்: "கோச்சுக்காதீங்க மிஸ். உங்களுக்கு ஐஸ்தானே இல்ல? அடிபட்டா வைக்க எங்களுக்கு இப்ப டெய்லி ஒரு பெட்டி ஐஸ் வருது. மிச்சத்தை எடுத்துக்கோங்க."

மிஸ் நேரா போய் ஓரமா வெச்சிருந்த அந்த ஐஸ் பெட்டி மேல உக்காந்துட்டாங்க. "எங்க தரை திரும்பக் கிடைச்சாதான் எழுந்திருப்பேன்."

அந்த நேரம் பார்த்து புட்பால் கோல்கீப்பருக்கு காலு சுளுக்கிக்கிச்சு. நொண்டிக்கினு வந்து கும்பிடுறான். மிஸ் அசையல.

"டேய் தாஸு, பைக்கை எடுங்கடா!"ன்னு அவனே கத்தினான்.

கொஞ்ச நேரத்துல தரை காலி.

லடாக் போறதுக்கு முன்னாடியே எங்க மிஸ் ஐஸ் மேல பிராக்டிஸ் பண்ணிட்டாங்க, உக்காந்தபடியே.

உங்க ஏரியாவுலயும் இப்படி ஒரு டீம் இருந்தா சொல்லுங்க, மேட்ச் வெச்சுக்கலாம். ஐஸ் மட்டும் நீங்க கொண்டாரணும்.