மலை இருந்த இடம்

அமீரகத்தின் ராஸ் அல் கைமாவில் யாரும் தேடிவராத பழைய காவல் கோபுரம் ஒன்றைப் பார்க்க வந்திருக்கிறேன். எதிரே கல் குவாரி, எங்கும் வெள்ளைத் தூசி. கோபுரத்தடியில் குவாரித் தொழிலாளி ஒருவர், ராமநாதபுரத்துக்காரர், ஊதுபத்தி கொளுத்தி வெறும் வானத்தைப் பார்த்து நிற்கிறார்.

"யாருக்குண்ணே?"

"தம்பிக்கு சார். அந்த மலை மேலதான் டியூட்டில விழுந்து செத்துப்போனான்."

"எந்த மலை?"

பத்தியால் வானத்தில் ஓர் இடத்தைக் காட்டுகிறார். "அங்க இருந்துச்சு. நாங்களே வெட்டி முடிச்சிட்டோம். அவன் விழுந்த பாறையும் துபாய்ல கடலைத் தூர்க்கப் போயிருச்சு. சார் எங்க இருக்கீங்க?"

"துபாய்லதான்."

மிச்சப் பத்திகளை என் கையில் வைக்கிறார். "அப்ப அங்க கொளுத்திருங்க சார்."

தூர்த்த கடல்மேல் நிற்கும் என் ஃப்ளாட்டில் கொஞ்சம் புகை வந்தாலே அலாரம் அடித்துவிடும். சரி என்கிறேன்.