அரைப்பேர் வாங்கித் தந்த ட்யூபா

பித்தளைக்கு ஒரு ருசி உண்டு. கொஞ்சம் புளிப்பும் கொஞ்சம் உப்புமாக நாக்கின் நுனியில் ஆரம்பித்து, ஈறு வரை போய் உட்கார்ந்துகொண்டு, அதற்குப் பிறகு குடிக்கிற தேத்தண்ணியையும் கெடுத்துவிடும். எட்டாம் வகுப்புப் படித்த வருடம் முழுக்க என் வாயில் அந்த ருசிதான் இருந்தது. டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் பள்ளிக்கூடத்தில், பேண்ட் குழுவில் ட்யூபா ஊதுகிறவள் நான். பேண்ட் வாத்தியங்களிலேயே பெரியது அதுதான். வளைந்து வளைந்து போகிற தடித்த குழாயும், மேலே அண்டா அளவுக்கு விரிந்த வாயும், மற்ற வாத்தியங்களையெல்லாம் அடியில் நின்று தாங்குகிற குரலுமாக இருக்கும். தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் யாருக்கும் அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. "பூம்பா" என்றார்கள். என்னையும் கொஞ்ச நாளில் "பூம்பாப் புள்ள" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். கோபம் வந்தாலும் திரும்பிப் பார்ப்பேன்.

ஆசைப்பட்டு எடுத்த வாத்தியம் இல்லை அது. பெண் பிள்ளைகளுக்குச் சின்ன மேளமும் மணியும் என்று யாரோ எழுதிவைத்தாற்போல் நடந்துகொண்டிருந்த பள்ளிக்கூடத்தில், புதிதாக வந்த மியூசிக் சேர், வட்டவளை ஊர்க்காரரான சங்கீத வாத்தியார், ஒரு நாள் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி அந்தப் பழைய ட்யூபாவை ஊதச் சொன்னார். பையன்கள் முகம் சிவக்க ஊதியதில் வந்த சத்தத்துக்கு வகுப்பே சிரித்தது. என் முறை வந்தபோது ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வீட்டில் சொன்னபோது அம்மா ஆச்சரியப்படவில்லை. "ஈர வெறகோட மல்லுக்கட்டி ஊதாங்குழல் ஊதுன புள்ளதானே, வராம என்னா செய்யும்" என்றாள்.

அந்தப் பழைய ட்யூபா ஓட்டை விழுந்து, சைக்கிள் ட்யூப் ரப்பர் சுற்றி, அதுவும் தாங்காமல் ஒரு நாள் அடிவளைவு கழன்று என் மடியிலேயே விழுந்தது. பழைய மாணவர்கள் சேர்ந்து புதிது வாங்கித் தருவதாகச் சொன்னார்கள். கண்டியிலிருந்து வாத்தியக் கடைக்காரர் ஒருவர் தன் வேனில் இரண்டு ட்யூபாக்களைக் கொண்டுவருவார், ஊதிப் பார்த்து ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும், பிறகு மாற்றித் தரமாட்டார் என்று பேச்சு. அடுத்த மாதம் பள்ளிக்கூடத்து இல்லங்களுக்கிடையிலான விளையாட்டுப் போட்டி. பேண்ட் குழு மைதானத்தைச் சுற்றி அணிநடை போக வேண்டும்.

வேன் வந்த நாள் மத்தியானத்திலேயே மலையெல்லாம் மூடுபனி இறங்கிவிட்டது. மேலே எட்டாம் நம்பர் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்களின் பேச்சுச் சத்தம் கேட்டது; ஆள் ஒருவரும் தெரியவில்லை. அம்மாவும் அன்று அந்த மலையில்தான்.

பெட்டிகளைத் திறந்தார்கள். ஒன்று தங்க நிறத்தில், கைக்கு அடக்கமாக இருந்தது. மற்றது வெள்ளி நிறத்தில், நிமிர்த்தி வைத்தால் என் நெஞ்சுக்கு மேலே வந்தது. அதைத் தூக்கிப் பார்த்த பெரிய சேர், எங்கள் அதிபர், கீழே வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டார். பிறகு எல்லோருக்கும் கேட்க அவர் சொன்னதுதான் என்னை அன்று பிற்பகல் முழுக்க ஆட்டிவைத்தது.

"சின்னத வாங்கினா இவ ஊதட்டும். பெரிசுன்னா ஜெகன்தான். தூக்க முடியாம மைதானத்துல பாதி வழியில போட்டுட்டு நின்னா, யாரு பதில் சொல்றது?"

ஜெகன் பதினோராம் வகுப்பு. பெரிய மேளம் அடிப்பவன், மேளத்தையே ஒற்றைக் கையில் தூக்குவான். நல்ல பையன்தான், அன்று அவனைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. அவனுக்கு ஊத வராது. பழக்கிக்கொள்ளலாம் என்றார்கள். ஆக, இரண்டையும் ஊதிக் காட்ட அங்கே இருந்த ஒரே ஆள் நான். எது நன்றாக ஒலிக்கிறது என்று என் மூச்சுதான் சொல்ல வேண்டும். பெரியது நன்றாக ஒலித்தால் என் கையிலிருந்து அது போய்விடும். இப்படி ஒரு பரீட்சை யாருக்கும் வரக்கூடாது.

முதலில் சின்னது. மடியில் வைத்த உடனேயே உடம்போடு ஒட்டிக்கொண்டது. குரல் மென்மை. மியூசிக் சேர் சொன்ன சுரங்களை ஒன்றுவிடாமல் ஊதினேன், அணிநடைப் பாட்டின் அடிக்குரலையும் ஊதினேன். பெரிய சேர் தலையாட்டினார். "இது போதும் போலயே." எனக்கு உயிர் வந்தது. ஆனால் பெற்றோர் சங்கத் தலைவர் மாணிக்கம் அண்ணன், சந்தியில் தேத்தண்ணிக் கடை வைத்திருப்பவர், மைதானத்தின் அந்தக் கோடியில் போய் நின்று கேட்டவர், பனிக்குள்ளிருந்தே சத்தம் போட்டார்: "இங்க ஒண்ணும் கேக்கலைங்க சேர். கொசு பாடுற மாதிரி இருக்கு."

கடைக்காரருக்கு அவசரம். இருட்டுவதற்குள் ரம்பொடை மலைப்பாதை வளைவுகளைத் தாண்டிவிட வேண்டும் என்று கைக்கடிகாரத்தைத் தட்டிக்காட்டிவிட்டு, பெரியதைத் தானே தூக்கிவந்து படிக்கட்டில் உட்கார்ந்திருந்த என் மடியில் சாய்த்தார். "ஹொந்தட்ட பிம்பின்ன, துவே" என்றார் சிங்களத்தில், நன்றாக ஊது மகளே என்று. தொடை மரத்துப்போகும் கனம். அதன் வாய் என் தலைக்கு மேலே விரிந்து நின்றது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உதட்டைக் கொஞ்சம் தளர்த்திவிட்டால் போதும், குரல் பிளந்து அசிங்கமாக வரும், இது சரியில்லை என்று தள்ளிவிடுவார்கள் என்கிற எண்ணம் எனக்கு வந்தது. வந்து, நெஞ்சுக்குள் உட்கார்ந்தே விட்டது. மியூசிக் சேர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் ஊதுகிற முனையின் அந்தக் குளிர்ந்த கிண்ணத்தில் உதட்டை வைத்து, சும்மா பார்ப்போம் என்று லேசாக மூச்சை விட்டதும் உள்ளே எங்கேயோ அது முனகியது பாருங்கள், அதற்கு மேல் என்னால் பொய்யாக ஊத முடியவில்லை. அந்தக் குரல் எனக்கு வேண்டியிருந்தது. எனக்கு இல்லாமல் போனாலும் ஒரு தடவையாவது முழுதாகக் கேட்டுவிட வேண்டும் என்று இருந்தது. வயிறு முட்ட மூச்சை இழுத்து, விரல் கட்டை எதையும் அமுக்காமல் வருகிற அடிச்சுரத்தை, மூச்சுத் தீரும் வரை ஊதினேன்.

படிக்கட்டு அதிர்ந்தது. எதிர்மலையில் பட்டுத் திரும்பியது. நான் மூச்சு வாங்கி மறுபடியும் ஊதினேன்.

மலையில் பேச்சுச் சத்தம் நின்றுபோனது. பிறகு தேயிலைச் செடிகள் சரசரக்கும் ஓசையும், "வாங்கடி, வாங்கடி" என்ற குரல்களும், அவற்றுக்குப் பின்னால் கங்காணி கத்துகிற சத்தமும் கீழே இறங்கி வந்தன. பனியைப் பிளந்துகொண்டு முதலில் ஒரு கூடை தெரிந்தது, பிறகு ஒன்று, பிறகு வரிசையாக எட்டாம் நம்பர் மலையே இறங்கி வந்துகொண்டிருந்தது.

தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் தோட்டத்தில் தேயிலை ஆலையின் சங்கு ஊதினால் கொழுந்து நிறுக்கிற கொட்டகைக்கு, மடுவத்துக்கு, இறங்க வேண்டும். கொழுந்து எடுக்கிறவர்களிடம் கடிகாரம் கிடையாது, வெயிலைப் பார்த்து நேரம் சொல்வார்கள். வெயிலே இல்லாத அன்று சங்கு ஒன்றுதான் கதி. பெரிய ட்யூபாவின் அடிக்குரலைச் சங்கு என்று நினைத்து அத்தனை பேரும் கூடையோடு இறங்கிவிட்டார்கள். இது சிரிக்கிற விஷயம் இல்லை. குறித்த கிலோவுக்குக் கொழுந்து இருந்தால்தான் அன்றைய நாளுக்கு "முழுப்பேர்". குறைந்தால் "அரைப்பேர்", பாதி நாள் சம்பளம்.

மாணிக்கம் அண்ணன் மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இதுதாங்க சேர். மலையையே எறக்கிருச்சு. வேற என்னா பாக்கணும்?" பெரிய சேரும் சரி என்றார். ஜெகன் வந்து என் மடியிலிருந்து அதைத் தூக்கிக்கொண்டான். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நன்றாக ஊதியதற்காக அழுத ஆள் உலகத்தில் நானாகத்தான் இருப்பேன்.

அப்போதுதான் வேலியோரம் அந்தக் குரல் கேட்டது. "யாரு சங்கு ஊதினது?"

அம்மா. தலையில் கூடைக் கயிறு, முதுகில் கூடை, இடுப்பில் செடி கிழிக்காமலிருக்கக் கட்டுகிற படங்குச் சாக்கு, முகத்தில் நான் நன்றாக அறிந்த கோபம். நான் எழுந்து நின்றேன்.

"நான்தாம்மா."

"நீயா? மணி என்னா ஆச்சுன்னு தெரியுமாடி ஒனக்கு?"

பெரிய சேர் குறுக்கே வந்தார். "கோவிச்சுக்காதீங்கம்மா. புது ட்யூபா வாங்குறோம், ஒங்க மக ஊதிப் பாத்தா. நல்லாத்தான் ஊதுனா." பிறகு, அவருக்கே ஒரு மாதிரியாக இருந்திருக்க வேண்டும், "அணிநடைக்கு ஜெகன் தூக்குவான், இவளால முடியாது" என்றும் சொன்னார்.

மற்றப் பெண்கள் ஏசிக்கொண்டே திரும்பி மலை ஏறத் தொடங்கினார்கள். விறுவிறுவென்று ஏறினால், அசல் சங்குக்கு முன் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துவிடலாம். "வாக்கா, நேரம் போவுது" என்று ஒருத்தி அம்மாவைக் கூப்பிட்டாள். அம்மா போகவில்லை. ஜெகன் கையிலிருந்ததைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஊதினது இவதானேங்க சேர்?"

"ஆமாங்கம்மா. கனந்தான் பிரச்சினை. கையில வச்சுக்கிட்டு நடக்க மாட்டா."

"கையில யாருங்க தூக்குவா? நாங்க கூடையக் கையிலயா தூக்குறோம்?"

கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காமல் வேலியைத் தாண்டி உள்ளே வந்தாள். கூடையை இறக்கி, அதன் கயிற்றை அவிழ்த்தாள். படங்கைக் கழற்றி, மடித்து மடித்துத் தடிப்பாக்கி, என் சட்டைக்கு மேலே இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். ஜெகனிடமிருந்து வாங்கிய ட்யூபாவின் அடியை அதன்மேல் உட்காரவைத்து, கயிற்றை அடிவளைவில் கொடுத்து, முதுகில் குறுக்காக எடுத்து, தோளுக்கு மேலே கொண்டுவந்து முடிச்சுப் போட்டாள். தோளில் கயிறு அறுக்காமல் தன் தலைத்துணியை மடித்து வைத்தாள். எல்லாம் முடியும் வரை என் முகத்தைப் பார்க்கவே இல்லை. "இடுப்புல வாங்கு. முதுகக் கூனாத. நட" என்றாள்.

கடைக்காரர் வேனின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். ஒரு சுற்று ஊதிக்கொண்டே நடந்து காட்டட்டும், பார்க்கலாம் என்றார் பெரிய சேர்.

நடந்தேன். முன்னால் ட்யூபா மறைத்ததில் என் கால் எனக்குத் தெரியவில்லை. புல் நனைந்து வழுக்கியது. இடது, வலது என்று மியூசிக் சேர் பக்கத்தில் எண்ணிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு 'பூம்'. மைதானத்தின் அந்தக் கோடியில் தரை சரிகிற இடத்தில் என் கால் வழுக்கி, குரல் அறுந்து, உடம்பு முழுவதும் ஒரு பக்கம் சாய்ந்தது. பின்னாலிருந்து யாரோ "ஐயோ" என்றார்கள். கயிறு தோளில் இறுகி இழுத்துப் பிடித்தது. விழவில்லை. எங்கே விட்டேனோ அங்கிருந்தே மறுபடி ஊதினேன். சுற்றி முடித்துப் படிக்கட்டுக்கு வந்தபோது வாயெல்லாம் உப்பாக இருந்தது. பெரிய சேர் வேனைப் பார்த்துக் கையசைத்தார். "சின்னத ஏத்திருங்க. இவளே ஊதட்டும்."

அந்த நேரம் பார்த்து ஆலைச் சங்கு ஊதியது. அசல் சங்கு. என்னுடையதை விட மெலிந்த குரல்.

அம்மாவின் கூடை பாதிகூட நிரம்பவில்லை. கயிறு என் உடம்பில் இருந்ததால் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மடுவத்துக்குப் போனாள். மற்றப் பெண்களில் பலர் தப்பித்துவிட்டார்கள். அம்மாவுக்கு அன்று அரைப்பேர். மலை ஏறாமல் நின்றபோதே அவளுக்கு அது தெரியும். சாயங்காலம் நான் கயிற்றைக் கொண்டுபோய் நீட்டியபோது வாங்கவில்லை. பழைய சேலையைக் கிழித்துக் கூடைக்குப் புதுக் கயிறு திரித்துக்கொண்டிருந்தாள். "போட்டி முடியட்டும், திருப்பிக் குடு" என்றாள். போட்டி முடிந்தது. அடுத்த வருடப் போட்டியும் முடிந்தது, கயிறு ட்யூபாவிலேயே இருந்தது.

இப்போது நான் ஹட்டனில் வேலை பார்க்கிறேன். ஆலையை மூடி, இயந்திரங்களைக் கழற்றி ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சங்கும் அவற்றோடு போனது. கொழுந்து எடுப்பவர்கள் நேரத்துக்குப் போனைப் பார்க்கிறார்கள். கூடையும் அருகிவிட்டது, உரப்பையைத்தான் முதுகில் மாட்டிக்கொள்கிறார்கள். போன மாதம் பள்ளிக்கூடத்துக்கு ஒரு வேலையாகப் போனபோது, சாமான் அறையில் அந்த வெள்ளி ட்யூபா ஒடுக்கு விழுந்து நிற்பதைப் பார்த்தேன். கயிறு இல்லை, யாரோ நைலோன் பட்டி போட்டிருக்கிறார்கள். விரல் கட்டை ஒன்றும் அசையவில்லை. கட்டை இல்லாமலே வருகிற அந்த அடிச்சுரத்தை மட்டும், வாசலில் வைத்து ஒரு தடவை ஊதினேன். மலையிலிருந்து ஒருவரும் இறங்கவில்லை.

லயத்துக்குப் போனேன். முட்டி வலியால் எங்கேயும் போகாத அம்மா, வாசற்படியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"யாரு சங்கு ஊதினது?"

"நான்தாம்மா."

"எந்திரிச்சு கூடையத் தேடிட்டேன் புள்ள" என்றாள். படியில் உட்கார்ந்துகொண்டு, "அந்தக் கயித்த நீ இன்னும் திருப்பித் தரல" என்றாள்.