ராணி உட்கார்ந்த சீட்

பண்டாரவளையில் பஸ்ஸுக்கு நின்றபோது ஒரு சின்ன விமானம் கார் எஞ்சின் போலப் படபடத்துக்கொண்டு போனது. பத்து வயதில் எனக்கிருந்த வயிற்றெரிச்சல் திரும்பி வந்தது.

நமுனுகுல தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான எங்கள் லயத்தில், பக்கத்துக் காம்பராவில் ராணி இருந்தாள். ஃபேக்டரி மெக்கானிக்கான அவள் அப்பா, ஆமை ஓட்டு வடிவப் பழைய கார் எஞ்சினில் பலாப்பலகை விசிறி பூட்டி, லயத்துக்குப் பின்னால் விமானம் கட்டினார். எஞ்சினை முடுக்கினால் பெட்ரோல் புகை எங்கள் கறிச்சட்டி வரை வரும். சீட்டில் ராணி மட்டும்தான் ஏறுவாள்.

"நானும் ஒருக்கா ஏறவா?"

"ஒங்கப்பாவ ஒண்ணு செஞ்சு தரச் சொல்லு."

என் அப்பாவுக்குத் தெரிந்ததெல்லாம் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்திதான்.

அது யுத்த காலம்; தமிழர் எதைச் செய்தாலும் புலி என்று சந்தேகப்படுவார்கள். மறுநாள் பள்ளிக்கூடம் போகும் வழியில், செக்பொயின்ட் பொலிஸ்காரரிடம் எங்கள் லயத்தில் ஒருவர் பிளேன் கட்டுகிறார் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் நானாகவே சொன்னேன்.

மாலையில் ஜீப் வந்தது. எஞ்சினோடு ராணியின் அப்பாவையும் ஏற்றிப் போனார்கள். அவர் திரும்பி வர மூன்று மாதமானது. அதுவரை ராணி என் தோளில் சாய்ந்துதான் அழுதாள்.

பண்டாரவளையில் அந்தச் சின்ன விமானம் மலைக்குப் பின்னால் மறைந்தது. ராணி ஏறிய அந்தச் சீட்டில் ஒருமுறைகூட நான் உட்காரவில்லை என்பதுதான் முதலில் நினைவுக்கு வந்தது. ராணியின் அப்பா அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தார்.